ஒரு குளிர்காலத்துக்கான தோட்டம்

போன மாதம் நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஒருத்தி இங்கிலாந்து போய்வந்த படங்களைப் போட்டிருந்தாள். பழைய பிரபு மாளிகை ஒன்று, அதன் முன்னால் சரிந்து இறங்கும் புல்வெளி, கீழே வளைந்து கிடக்கும் ஏரி. நாற்பதைத் தொடப்போகிற நாம் எல்லோரும் வழக்கம்போல இதயம் போட்டோம். "நம்ம அல் ஐன்ல இப்படி ஒரு இடம் இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்!" என்று ஒருவன் எழுதியிருந்தான். நான் பதில் எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். நாம் வளர்ந்த அந்த அமீரகப் பாலைவன ஊரில் அப்படி ஓர் இடம் இருந்தது. ஒரே ஒரு குளிர்காலம் இருந்தது. அதை உண்டாக்கியவர் என் அப்பா. அதற்காக அவர் இங்கிலாந்துத் தோட்டம் ஒன்றைப் போய்ப் பார்த்தபோது, பன்னிரண்டு வயதில் அவருக்கு மொழிபெயர்க்கக் கூடவே போனவள் நான். வாட்ஸப்பில் எழுத முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

உங்களில் பலர் டவுனில் பில்டிங்குகளில் வளர்ந்தவர்கள். நாங்கள் ஊருக்கு வெளியே, ஓர் அரபிக் குடும்பத்தின் பண்ணைக்குள் இருந்தோம். அப்பாவுக்குத் தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். பண்ணையில் பேரீச்சை மரங்களையும் ஒன்பது வேலையாட்களையும் பார்த்துக்கொள்ளும் போர்மேன். பெரிய வீட்டுக்கு எதிரே, மரங்கள் முடிகிற இடத்தில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. முதலாளியை எல்லோரும் அர்பாப் என்போம். அறுபது வயதிருக்கும். வேகமாகப் பேசுவார், வேகமாக மறப்பார்.

அவர் மனைவியை வேலையாட்கள் 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா என்று அர்த்தம், அரபி வீடுகளில் அது வழக்கம். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "உனக்கு மாமான்னா அது என் தம்பி மட்டுந்தான். நீ பெரியம்மான்னு கூப்பிடு" என்றாள். அப்படியே கூப்பிட்டேன். அந்த அம்மாள் ஒருநாள் அர்த்தம் கேட்டார். அம்மாவின் அக்கா என்று சொன்னேன். கை தட்டிச் சிரித்தார். அதன்பிறகு வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருடைய பிள்ளைகள் எல்லோரும் கல்யாணமாகி அபுதாபிக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அவர் அறையில்தான் கிடப்பேன். என் அரபி அங்கே கற்றது. ஊதுபத்தி மாதிரி அல்லாமல் கனமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும் ஊத் எனும் அகில்கட்டைப் புகையின் வாசனையும், ஏலக்காய்க் காபியும், மருந்து மாத்திரையின் கசப்பும் கலந்த அறை அது.

ஆமாம், மருந்து. பெரியம்மாவுக்கு வயிற்றில் ஏதோ. ஒவ்வொரு கோடையிலும் லண்டனுக்குக் கூட்டிப்போவார்கள். அந்த வருஷக் கோடையில் அங்கிருந்து அர்பாப் அப்பாவுக்குப் போன் செய்தார். பெரியம்மாவை ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனாராம். அவர் அங்கேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். "வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம். போதாதா? "யல்லா, புறப்பட்டு வா. நீ பார்த்தால்தான் அதேபோல் செய்ய முடியும். உனக்கு இங்கிலீஷ் மாஃபி, தெரியாது, மகளையும் கூட்டி வா."

அர்பாப்பின் ஆபீஸ் ஆள் விசா முடித்தார். அம்மா எனக்கு இரண்டு ஸ்வெட்டர், அப்பாவுக்கு ஒரு கறுப்பு ஷூ, ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் எடுத்துவைத்தாள். அப்பா அதுவரை விமானத்தில் போன ஒரே ஊர் திருவனந்தபுரம். லண்டனில் இறங்கியதும் அர்பாப் அப்பாவை மட்டும் ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்த அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் கையை விரிச்சிட்டானாம். அடுத்த கோடைய பாக்கமாட்டாவளாம். பெரியம்மாகிட்ட சொல்லல. ஆப்பரேசன் இல்லாமலே சரியாயிரும்னு சொல்லி வச்சிருக்காவ. நீ வாயத் தொறந்துராத, என்ன?"

சரி என்று தலையாட்டினேன். பெரியம்மாவைப் பார்த்தால் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். ஆனால் அவர் சக்கர நாற்காலியில் ஒரு சிவப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, என்னைப் பார்த்ததும், "என் தங்கச்சி மகள் வந்துவிட்டாள்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை.

*

அந்தத் தோட்டத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? நமக்கு அப்போது தோட்டம் என்றால் ரவுண்டானாவில் வட்டமாக நட்ட பூச்செடிதானே. இங்கே பூவே இல்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. பச்சை மட்டும். ஒரே பச்சை இல்லை, பத்துப் பதினைந்து பச்சைகள். நனைந்த புல்லின் வாசனை மூக்கில் ஏறி, பச்சை வெள்ளரிக்காயைக் கடித்த மாதிரி தொண்டை வரை போயிற்று. மாளிகைக்கு முன்னால் நிலம் மெதுவாகச் சரிந்து, ஏரியில் முடிந்து, எதிர்க்கரையில் மறுபடி ஏறியது. அங்கங்கே கூட்டமாக மரங்கள். தூரத்தில் சின்னதாக ஒரு கல் மண்டபம். யாரும் எதையும் செய்யாமல் தானாகவே அப்படி அமைந்தது போலிருந்தது.

தானாக எதுவும் அமையவில்லை என்று சொன்னவர் அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நகங்களில் மண். அந்த மண்ணைப் பார்த்ததுமே அப்பாவுக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. ஏரியே ஓர் ஓடையை அணைகட்டித் தேக்கியதுதானாம். மேட்டைக் குறைத்துப் பள்ளத்தை நிரப்ப நூற்றுக்கணக்கான ஆட்கள் வருஷக்கணக்கில் மண் சுமந்தார்களாம். மரங்களை நட்டவர் அவை வளர்ந்து பார்க்கவே இல்லையாம். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அப்பா "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே, நுழைவாயிலில் கொடுத்த வரைபடத்தில் என்னை எழுதச் சொன்னார். ஏரிக்கரையிலிருந்து மரக்கூட்டம் வரை எத்தனை எட்டு, மரத்துக்கு மரம் எத்தனை எட்டு என்று அவர் நடந்து எண்ணுவார், நான் பென்சிலில் தமிழில் எழுதுவேன். அந்த வரைபடம் பிறகு வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது.

அப்பாவை நிறுத்திவைத்தது ஒரு பள்ளம். எதிரே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மாளிகைக்கும் ஆட்டுக்கும் நடுவில் வேலியே தெரியவில்லை. கிட்டப் போனால்தான் ஆளுயரத்துக்கு ஒரு பள்ளமும், அதன் ஒரு பக்கம் சுவரும் இருந்தது தெரிந்தது. அப்பா உள்ளே குதித்து இறங்கினார். கையால் முழம் போட்டார். மேலே ஏறி வந்து சிரித்தார்.

"பாத்தியாட்டி? ஆடு உள்ள வராது. ஆனா வீட்டுக்காரன் கண்ணுக்கு வேலியே கெடையாது. எவனோ வெவசாயி சொல்லித்தான் இத வெட்டியிருப்பான்."

ஏரிக்கு அந்தப் பக்கம் முன்பு ஒரு கிராமம் இருந்ததாம். மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த வீடுகள் கண்ணை உறுத்துகின்றன என்று அப்போதைய பிரபு அதை அப்படியே எடுத்துவிட்டாராம். மழை இல்லாத கோடையில் புல் காயும்போது, பழைய வீடுகளின் சுவர்க் கோடுகள் இப்போதும் தெரியுமாம்.

"அந்தச் சனம் எங்க போச்சாம்? கேளு."

கேட்டேன். மலைக்குப் பின்னால் புது வீடு கட்டிக் கொடுத்தாராம்.

"நல்ல வீடாமா?"

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். அதில் ஒன்றில்தான் அவர் குடியிருக்கிறாராம். கூரை ஒழுகுமாம்.

மாளிகைக்குள் போகும்போது அப்பா வாசலிலேயே புது ஷூவைக் கழற்றினார். தேவையில்லை என்று அங்கே நின்ற அம்மாள் சொன்னதை நான் மொழிபெயர்த்தும் கேட்கவில்லை. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு, மெழுகு வாசனை அடிக்கும் அறை அறையாக நடந்தார். கயிறு கட்டிய நாற்காலிகளையும், சுவரில் இருந்து முறைத்த பிரபுக்களையும் அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஜன்னலாக நின்று வெளியே பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. மற்றவர்கள் காசு கொடுத்து உள்ளே பார்க்க வந்திருக்கிறார்கள், இவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே என்று. அப்பா மெதுவாகச் சொன்னார்: "இங்கன இருந்து பாக்கதுக்குத்தான் வெளிய அம்புட்டும் செஞ்சிருக்கான். ஜன்னல்லதான் ஆரம்பிச்சிருக்கான்."

வெளியே வந்ததும் அந்தப் பெண்மணியிடம் மழை எவ்வளவு, மண் எவ்வளவு ஆழம், வெயில் எத்தனை மாதம் என்றெல்லாம் கேட்கச் சொன்னார். கேட்டேன். கடைசியில், குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். கறுப்பாக, கேக் மாதிரி உதிர்ந்தது.

"இது அங்கன நடக்காது, புள்ள. இந்த மரம் எதுவும் அங்கன மூச்சு விடாது. குளிர்காலப் புல்லு வெத இருக்கு, அத வெதச்சா ஒரு குளிர்காலம் பச்ச காட்டலாம். பங்குனி பொறந்தா கருகிரும். அம்புட்டுதான்." அந்தப் பெண்மணிக்கும் இதைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உண்மையைச் சொல்லும் தோட்டக்காரர்கள் குறைவு என்றார்.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் அர்பாப் வந்தார். ஏரிக்கரையில் அப்பாவின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு, "சொல், இதை நம் வீட்டில் செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். "முடியும் அர்பாப். இன்ஷா அல்லா. முஷ்கில் மாஃபி, ஒரு கஷ்டமும் இல்ல."

"நிற்குமா? கோடையிலும்?"

"நிக்கும் அர்பாப்."

என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் முதலாளிக்குப் பயந்து. அப்படித்தான் நான் நினைத்தேன். அங்கிருந்து விலகி பெரியம்மாவிடம் ஓடினேன்.

அவர் ஒரு பெரிய மரத்தடியில் நாற்காலியில் இருந்தார். கிளைகள் மாடி மாடியாகப் பரந்த மரம். "இது தேவதாரு. இவர்களுடையது இல்லை, லெபனான் மரம். எப்போதோ இங்கே வந்து பிழைத்துக்கொண்டது" என்று அதன் பட்டையைத் தடவினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "உன் அப்பா அந்த வெள்ளைக்காரியிடம் என்ன சொன்னார்? அவள் கை குலுக்கினாளே?"

நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தையையும் விடக் கூடாது என்ற கர்வம் எனக்கு. அப்பாமேல் கோபம் வேறு. சொல்லிவிட்டேன். அங்கே எதுவும் வளராது, ஒரு குளிர்காலம் மட்டும்தான் பச்சையாக இருக்கும் என்று அப்படியே சொன்னேன். சொன்ன பிறகுதான் 'ஒரு குளிர்காலம்' என்ற சொல் எனக்கே காதில் விழுந்தது.

பெரியம்மா என் தலைக்கு மேலாகத் தூரத்தில் பார்த்தார். ஏரிக்கரையில் அர்பாப் கையை வீசி, இங்கே அது, அங்கே இது என்று அப்பாவுக்குக் காட்டிக்கொண்டு வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்.

"ஒரு குளிர்காலமா? எனக்கு அது போதும்" என்றார். "அவரிடம் சொல்லாதே. பார், எப்படி நடக்கிறார். இரண்டு வருஷமாக என் கட்டில் காலடியில் உட்கார்ந்தே இருந்தவர்."

*

செப்டம்பரில் வேலை ஆரம்பித்தது. பெரிய வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இருந்த வெற்று மணல்தான் இடம். மண் வெட்டும் இயந்திரம் வந்தது. பள்ளத்தில் கறுப்பு பிளாஸ்டிக் விரித்துத் தண்ணீர் விட்டார்கள். இங்கிலாந்து ஏரி எங்கள் ஊரில் ஒரு குட்டையாகப் பிறந்தது. அர்பாப் காலை ஆறு மணிக்கே வந்து நிற்பார். கந்தூரா அங்கியை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வேலையாட்களோடு குழாய் பிடிப்பார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த மாதங்களில்தான்.

அப்பா பெரியம்மாவின் ஜன்னலில் ஆரம்பித்தார். அந்த அறைக்குள் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, படுத்திருப்பவர் கண் மட்டத்தில் வெளியே பார்த்தார். புல், குட்டை, அதற்கப்பால் பேரீச்சை, அதற்கும் அப்பால் ஜெபல் ஹஃபீத் மலை. மலைக்கு முன்னால் ஒன்றே ஒன்று மறைத்தது. எங்கள் வீடு.

அதை இடிக்கலாம் என்று சொன்னவர் அர்பாப் இல்லை, அப்பாதான். அர்பாப் தயங்கினார் என்றுகூட நினைவு. பிறகு, எல்லாம் முடியும்வரை பெரியம்மா பார்க்கக் கூடாதென்று அந்த ஜன்னலுக்குத் திரை போட்டுவைத்தார்.

அம்மா மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. நான்காவது நாள் பேசினாள். "நாலு செவுரு, ஒரு துணிக்கொடி, வாசல்ல ஒரு கருவேப்பில. பன்னெண்டு வருசமா எனக்கு இந்த ஊர்ல இருக்கது அம்புட்டுதான். அதையும் பேத்துட்டு ஆட்டுக்கொட்டாய் பக்கத்துல போய் இருங்கிய. யாரு கேட்டா உங்ககிட்ட?"

"சாவப்போற மனுசி. மலைய பாத்துட்டுப் போகட்டுமே."

"அவிய மலை வேணும்னு கேட்டாவளா?"

அப்பா அளவுக் கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இடித்த அன்று அம்மா பார்க்க வரவில்லை. நான் பார்த்தேன். எங்கள் சமையலறைச் சுவரில் இருந்த எண்ணெய்க் கறை பகல் வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு விழுந்தது. பம்ப் ரூமுக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டிலை ஒட்டிய அறைக்கு மாறினோம். ஸ்கூல் பஸ்ஸில் நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டீர்களே, அந்த வருஷம்தான்.

நவம்பரில் புல் வந்தது. முதலில் தலையில் முளைக்கும் பிஞ்சு மயிர் மாதிரி. பிறகு ஒரு வாரத்தில், நம்ப முடியாத பச்சை. ஊரிலிருந்து சிலர் கார் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். மரங்கள் இல்லை, மரங்கள் நிற்க வேண்டிய இடங்களில் அப்பா கம்புகளை நட்டிருந்தார். "கன்று லெபனானில் இருந்து வருகிறது" என்று அர்பாப் எல்லோரிடமும் சொன்னார்.

டிசம்பரில் ஒரு காலை பெரியம்மாவை வராந்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். இளவெயில். மலை அன்று கழுவிவைத்த மாதிரி இருந்தது. அர்பாப், அப்பா, வேலையாட்கள், நான் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் புல்லைப் பார்த்தார், குட்டையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். எதையோ தேடினார்.

"எங்கே?" என்றார்.

"என்ன எங்கே?" என்றார் அர்பாப்.

"அந்தக் கொடி. அந்தப் புடவைகள்."

யாருக்கும் புரியவில்லை. அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "படுத்தே கிடக்கிறவளுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். ஜன்னலில் உன் அம்மாவின் துணிதான் எனக்குக் காலண்டர். பச்சையும் சிவப்பும் காய்ந்தால் சாதாரண நாள். உன் வெள்ளைச் சட்டைகள் காய்ந்தால் வெள்ளிக்கிழமை. இரண்டு மாதமாக எனக்குக் கிழமையே தெரியவில்லை. திரை போட்டதால்தான் என்று நினைத்தேன். வீடு எங்கே போயிற்று?"

"மலை தெரிய வேண்டும் என்று..." என்று அர்பாப் ஆரம்பித்து நிறுத்தினார்.

"மலையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்" என்றார் பெரியம்மா.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்கு அரபி அவ்வளவு நன்றாகப் புரியாது. அன்றைக்குப் புரிந்தது. நான் மொழிபெயர்க்கவில்லை.

இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சோற்றை வடித்தாள். மறுநாள் காலை ஒரு வாளி ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு, யாரையும் கேட்காமல், அந்தப் பச்சைப் புல்லின் நட்டநடுவே நடந்தாள். தேவதாரு நிற்க வேண்டிய இரண்டு கம்புகளுக்கு நடுவே நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினாள். ஒரு பச்சைப் புடவை, ஒரு மஞ்சள் புடவை, அப்பாவின் இரண்டு கைலி, என் யூனிபாரம். அர்பாப் வீட்டுக்குள்ளிருந்து விறுவிறுவென்று வந்தார். அப்பா குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அதற்குள் வராந்தாவில் பெரியம்மாவின் கை உயர்ந்தது. கம்பளிக்குள்ளிருந்து, ஒரு குச்சி மாதிரி மெலிந்த கை. அம்மாவும் கையை உயர்த்தினாள். இரண்டு பேரும் பன்னிரண்டு வருஷமாக ஒரே இடத்தில் இருந்தும், அவர்களுக்குள் பேச ஒரு மொழி கிடையாது. அர்பாப் பாதி வழியில் நின்று, திரும்பிப் போய்விட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தக் கொடி அங்கேயே இருந்தது. தினமும் காலையில் பெரியம்மா அப்பாவைக் கூப்பிட்டு மரங்களைப் பற்றிப் பேசுவார். நான் இல்லாவிட்டால் கையாலேயே பேசிக்கொள்வார்கள். "அந்தக் கம்பு கொஞ்சம் இடது பக்கம் போகட்டும். இருபது வருஷம் கழித்து அதன் நிழல் தண்ணீரில் விழ வேண்டாமா?" அப்பா கம்பைப் பிடுங்கி நான்கு எட்டு தள்ளி நடுவார். மறுநாள், "இல்லை, பழைய இடமே நன்றாக இருந்தது." அப்பா மறுபடி பிடுங்குவார். வரப்போவதில்லை என்று தெரிந்த மரங்களுக்காக இரண்டு பேரும் எப்படி அவ்வளவு கவலைப்பட்டார்கள் என்று அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கிழவர்கள் பொம்மை விளையாடுவது போல இருந்தது.

மாசி மாதம், புல் இன்னும் பச்சையாக இருந்தபோதே, பெரியம்மா இறந்துவிட்டார். பகல் தூக்கத்தில். பள்ளிக்கூடத்திலிருந்து நான் வந்தபோது வாசல் நிறைய கார்கள். அன்றே அடக்கம் முடிந்துவிட்டது. அம்மா கொடியில் இருந்த துணிகளை எடுத்து மடித்தாள். கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை.

*

பங்குனியில் புல் நுனி வெளுத்தது. சித்திரையில் பாதி மஞ்சள். அர்பாப் கிணற்று மோட்டாரை நிறுத்தவே கூடாது என்று சொல்லிவிட்டார். மதியம் இரண்டு மணி வெயிலில் தண்ணீர் பீய்ச்சி அடித்து ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. கிணற்றில் உப்பு ஏறிற்று. பேரீச்சை ஓலைகளின் நுனி கருக ஆரம்பித்தது. அர்பாப்பின் தகப்பனார் காலத்து மரங்கள் அவை. அப்பா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "தோட்டம் நிற்க வேண்டும்" என்பதுதான் பதில்.

ஜூன் மாதம் ஒரு மாலை, அப்பா யாரையும் கேட்காமல் புல்லுக்குப் போகிற வால்வை மூடினார். தண்ணீரைப் பேரீச்சைக்குத் திருப்பினார். மூன்றாம் நாள் அர்பாப் கண்டுபிடித்துவிட்டார். வேலையாட்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். நான் அப்பாவுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோயிருந்தேன்.

"யார் மூடியது?"

"நாந்தான் அர்பாப்."

"நிற்கும் என்று சொன்னாயே! அந்த ஏரிக்கரையில், என் முகத்தைப் பார்த்துச் சொன்னாயே. கோடையிலும் நிற்கும் என்று!"

"சொன்னேன் அர்பாப்."

"அப்போதே தெரியுமா உனக்கு?"

அப்பா "தெரியும் அர்பாப்" என்றார்.

"பொய்யன்!" என்று அர்பாப் கத்தினார். "அவளையும் ஏமாற்றினாய். அவள் உன்னை நம்பித்தானே தினமும் மரத்துக்கு இடம் பார்த்தாள்? கலாஸ், முடிந்தது. உன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு..."

அப்பா ஒன்றும் சொல்லாமல் நிற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. நல்ல அரபியில், தெளிவாக, நான் சொன்னேன்: "பெரியம்மாவுக்குத் தெரியும்."

அர்பாப் திரும்பினார். நான் நிறுத்தவில்லை. தேவதாரு மரத்தடியில் அவர் கேட்டது, நான் சொன்னது, 'ஒரு குளிர்காலமா, எனக்கு அது போதும்' என்றது, 'அவரிடம் சொல்லாதே, பார் எப்படி நடக்கிறார்' என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் ஒரு வெற்றி.

அர்பாப் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தடவை சொல்" என்றார். சொன்னேன். "இன்னொரு தடவை." ஒரு வார்த்தை மாறாமல் மூன்றாம் தடவையும் சொன்னேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். டாக்டர் சொன்னதை எட்டு மாதம் மறைத்து, மனைவி முன்னால் சிரித்து நடித்த மனுஷன். அந்த எட்டு மாதமும் அவர் மனைவியும் அவருக்கு முன்னால் நடித்துக்கொண்டிருந்தார் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஒன்பது வேலையாட்கள் முன்னால் சொல்லிக் கேட்கிறார். எனக்குக் கல்யாணமாகி, என் வீட்டிலும் ஒரு நோயும் அதைச் சுற்றி ஒரு மௌனமும் வந்த பிறகுதான் அன்று நான் என்ன செய்தேன் என்பது முழுதாகப் புரிந்தது.

அவர் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். பாஸ்போர்ட் பேச்சு அதோடு நின்றது. வால்வை யாரும் திறக்கவில்லை. ஆடியில் அது பழையபடி மணல். குட்டையின் பிளாஸ்டிக் மட்டும் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் எனக்கு ஆள் வர ஆரம்பித்தது. வராந்தாவில் பெரியம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் அர்பாப் இருப்பார். "சொல்" என்பார். அந்த மரத்தடியை மறுபடி சொல்வேன். எனக்கு ஒரு ஏலக்காய்க் காபியும் இரண்டு பேரீச்சம்பழமும் கிடைக்கும். அப்பா கீழே செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி காத்திருப்பார். நான்கைந்து வாரம் இப்படியே போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் சொல்லி முடித்த பிறகும் அவர் என்னை அனுப்பவில்லை.

"நான் அவளிடம் மறைத்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றி ஏதாவது சொன்னாளா? என்மேல் கோபம் என்று... அந்த மாதிரி?"

பெரியம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஒரு வார்த்தையையும் விடாத, ஒரு வார்த்தையையும் கூட்டாத மொழிபெயர்ப்பாளர் நான். அர்பாப்பின் கை நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. நகத்தில் இன்னும் மண் இருந்தது.

"சொன்னார்" என்றேன். "நீங்கள் மறைத்தது நல்லதுக்குத்தான் என்று சொன்னார். நீங்கள் மறைத்ததால்தான் தைரியமாக இருக்க முடிந்தது என்று சொன்னார்."

அவர் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வெகுநேரம் கழித்து, போ என்று கையைக் காட்டினார்.

அப்பா கேட்டிருக்கிறார். குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு நடந்து வந்தார். பம்ப் ரூம் வாசலில் நின்று கேட்டார்.

"பெரியம்மா அப்படிச் சொன்னாவளா?"

"இல்லப்பா."

அப்பா குழாயை ஆணியில் மாட்டினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் கேப்பாரு. இன்னைக்கு என்ன சொன்னன்னு மறந்துராத, புள்ள. அதே மாதிரி சொல்லணும்" என்றார்.